காலிப் பெட்டியா, லோடா?

"வாள் இருக்குன்னா அதை மொதல்லயே எடுக்க வேண்டியதுதானே?"

2013 ஜூலையில், ஒரு ராட்சத ரோபோப் படம் பார்த்துவிட்டு, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), நள்ளிரவு தாண்டிப் பிறந்த கேள்வி இது. முதலில் கேட்டது நானா மச்சானா என்பதே இப்போது தனித் தகராறு. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எங்கள் கூட்டத்தில் மூன்று கல்யாணம் நடந்துவிட்டது, ஒருவன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான், கடை இரண்டு முறை கைமாறிவிட்டது. கேள்வி மட்டும் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

படம் பசிபிக் ரிம். நோன்பு மாதத்தின் முதல் வாரம். துறைமுகத்து மலாய்க் கூட்டாளிகள் இரண்டு பேர் நோன்பு திறந்துவிட்டு வரவேண்டும் என்பதால் ஒன்பது மணிக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தோம். முப்பரிமாணக் கண்ணாடி கொடுத்தார்கள். என்னுடையதில் யாரோ ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோடு தொட்ட அடையாளம் இருந்தது. சட்டையில் துடைத்துத் துடைத்து, படத்தின் முதல் பத்து நிமிடத்தை மஞ்சள் மூட்டத்துக்குள்தான் பார்த்தேன்.

பார்க்காதவர்களுக்காக ஒரே மூச்சில் கதை: பசிபிக் கடலடியில் ஒரு பிளவு. அதன் வழியாக வேறோர் உலகத்து மிருகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. கைஜூ என்று பெயர். ஜப்பானியச் சொல், விசித்திர மிருகம் என்று பொருள். மனிதர்கள் பதிலுக்கு ராட்சத ரோபோக்களைக் கட்டுகிறார்கள். அவை யேகர், ஜெர்மன் மொழியில் வேட்டைக்காரன். ஒரு யேகரை ஒருவர் தனியாக ஓட்டினால் மூளை தாங்காது. இரண்டு பேர் உள்ளே நின்று, தங்கள் நினைவுகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டு ஓட்டவேண்டும். ஹாங்காங் சண்டையில், ஜிப்சி டேஞ்சர் என்ற நாயக ரோபோவை ஒரு மிருகம் சிறகு விரித்து வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ரோபோவின் கையிலிருந்து வாள் வருகிறது. ஒரே வெட்டு. அரங்கம் கைதட்டியது. கைதட்டி முடித்த கையோடு எங்களுக்கு இந்தக் கேள்வி வந்தது.

பதில்கள் ரகரகமாக வந்தன. கைஜூவின் இரத்தம் விஷம், ஊருக்கு நடுவில் வெட்டினால் ஊரே நாசமாகும், அதனால்தான் அதுவரை குத்துச்சண்டையும் சுடும் பீரங்கியும் என்றான் ஒருவன். படத்திலேயே இதற்கு ஆதாரம் இருப்பதால் இதுதான் 'சட்டபூர்வமான' பதில். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம ஆளு மட்டும் என்னா? மொத அரை மணி நேரம் அடி வாங்கி, வாயோரம் ரத்தத்தைத் துடைச்ச பிறகுதானே திருப்பி அடிக்கிறான்? எந்த ஊர் ஹீரோவா இருந்தாலும் அதான் ரூல்."

அப்போது மேசையின் ஓரத்தில், தே ஓ ஐஸில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்த ஒரு தம்பி சொன்னான்: "அப்ப முருகன் மட்டும் ஏன் வேலை மொத நாளே எறியல? சஷ்டிக்கு ஆறு நாள் எதுக்கு?"

இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. எங்கள் கூட்டத்தில் அது ஒரு சாதனை.

இப்படித்தான் ஹாலிவுட் படத்தைப் பற்றிய சண்டை கந்த சஷ்டிக்குள் போய் விழுந்தது. அதன்பிறகு அதிலிருந்து வெளியே வரவே இல்லை. வந்திருக்கவும் தேவையில்லை என்று நினைக்கிறேன். தாரகன் யானை முகத்தோடு வருகிறான், சாய்க்கிறார்கள். சிங்கமுகன் வருகிறான், சாய்க்கிறார்கள். பிறகு சூரன், அவனும் மாமரமாகி நிற்கிறான். ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடப் பெரிது, முந்தியதைவிடத் தந்திரம். படத்தில் கைஜூக்களை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்து, புயலுக்கு எண் கொடுப்பதுபோல் கொடுத்திருப்பார்கள். எங்களுக்கு அது புதிதாகவே தெரியவில்லை.

இவ்வளவு கூச்சலிலும் ஒருவர் வாய் திறக்கவில்லை. கிரேன் அண்ணன்.

எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பட்டர்வொர்த் கன்டெய்னர் முனையத்தில் கப்பல் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பெர்ரியில் ஜார்ஜ்டவுனுக்குப் போகும்போது வலதுபக்கம் ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம்போல் நிற்குமே, அவற்றில் ஒன்று. அதிகம் பேசமாட்டார். பேசினால் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசுவார். அன்றைக்கு நாங்கள் முருகனை விட்டு இறங்கியதும், கழுத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"அந்த ரோபோ ரெண்டு கையிலயும் பெட்டிய அள்ளி அடிச்சுச்சே. அது காலிப் பெட்டியா, லோடா?"

யாருக்கும் புரியவில்லை. ஹாங்காங் துறைமுகக் காட்சியைத்தான் கேட்கிறார். ஜிப்சி டேஞ்சர் கப்பல் கன்டெய்னர்களை இரண்டு கைநிறைய அள்ளி, லெதர்பேக் என்ற மிருகத்தின் மண்டையில் இரண்டு பக்கமும் மோதும். அரங்கில் விசில் பறந்த இடம்.

"நாப்பது அடிப் பெட்டி, காலின்னா நாலு டன்னுக்குக் கொஞ்சம் கொறைச்சல். லோடுன்னா முப்பது டன் வரைக்கும் போகும். காலிப் பெட்டியால அடிச்சா அந்த மிருகத்துக்கு மைலோ டின்னால அடிச்ச மாதிரி. லோடுன்னா சரி, வலிக்கும். ஆனா பெட்டிய நடுவுல பிடிக்கக் கூடாதுடா. நாலு மூலைத் தூண்லதான் பலமே இருக்கு. சுவர் வெறும் ரெண்டு மில்லி தகரம்."

நாங்கள் அறிவியல் புனைகதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் தன் வேலையிடத்தில் ஒருவன் செய்த தவறைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தப் படத்தை அவர் கண்ணால்தான் பார்க்கிறேன்.

அவருக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? வாள் இல்லை. கப்பலைத் தெருவில் இழுத்து வந்து அதையே தடியாக்கி அடிக்கும் இடமும் இல்லை. அதே ஹாங்காங் சண்டையில், ரோபோ குத்தும் குத்து தவறி, முஷ்டி ஓர் அலுவலகக் கட்டடத்துக்குள் பாய்கிறது. மேசை, நாற்காலி, தடுப்புச் சுவர் எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு போகிறது. போகப்போக வேகம் குறைகிறது. கடைசியில் ஒரு மேசைமேல் இருக்கும் விளையாட்டுப் பொருள், நூலில் கோத்த உலோகக் குண்டுகள் ஒன்றையொன்று தட்டுமே அது, அதை லேசாகத் தொட்டு நிற்கிறது. டிக், டிக், டிக் என்று குண்டுகள் ஆடத் தொடங்குகின்றன. அரங்கம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "அவன் கிரேன் ஓட்டிடா" என்றார்.

என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது அடுத்த வருடம்தான். அவருடைய வேலையைக் காகிதத்தில் வரைந்து காட்டினார், ரொட்டிக் கடையின் ரசீதுக்குப் பின்பக்கம். ஓட்டியின் அறை தரையிலிருந்து முப்பது மீட்டருக்கு மேலே. காலடியில் கண்ணாடி. ஷிப்ட் முழுக்க முழங்கால்களுக்கு நடுவே கீழே குனிந்து பார்த்தபடி உட்காரவேண்டும். கழுத்து போனது அப்படித்தான். பெட்டியைக் கவ்வும் இரும்புச் சட்டத்துக்கு ஸ்பிரெடர் என்று பெயர். அதைப் பெட்டியின் நான்கு மூலை ஓட்டையிலும் ஒரே சமயத்தில் உட்கார வைக்கவேண்டும். வடம் முப்பது மீட்டர் தொங்கினால் ஒரு முழு ஊசலாட்டத்துக்குப் பதினோரு வினாடி ஆகும். நீ வண்டியை நிறுத்திவிட்டாய் என்பதற்காகப் பெட்டி நிற்காது. அது தன்பாட்டுக்குப் போகும். புது ஓட்டி பயந்து எதிர்ப்பக்கம் இழுப்பான். ஆட்டம் இன்னும் கூடும். பழகினவன் பெட்டி போகிற பக்கமே தானும் போய், அது ஆட்டத்தின் உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் தலைக்கு நேர் மேலே போய் நின்றுவிடுவான். ஆட்டம் செத்துவிடும்.

"பெருசுன்னா அதான். கை சொல்றத உடம்பு உடனே கேக்காது. கேக்குறதுக்குள்ள நீ அடுத்ததை யோசிச்சிருக்கணும்."

சும்மா இருந்திருக்கலாம். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்ப்பவன், கணக்கு என்றால் கை அரிக்கும். அதே ரசீதில் எழுதினேன். ஜிப்சி டேஞ்சரின் உயரம் 79 மீட்டர், எடை 1,980 டன் என்பது படக்காரர்களே வெளியிட்ட கணக்கு. 1.75 மீட்டர் உயரம், 70 கிலோ எடையுள்ள ஆளை 45 மடங்கு உயர்த்தினால் அந்த உயரம் வரும். உயரம் 45 மடங்கானால் எடை 45 மடங்காகாது. நீளம், அகலம், கனம் மூன்றும் பெருகுவதால் 91,000 மடங்குக்கு மேலாகும். அதாவது வெறும் சதையாலான மனிதனே அந்த உயரத்தில் 6,000 டன்னைத் தாண்டுவான். இரும்பாலான ரோபோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீரைவிட இலேசு! கடலில் இறங்கிச் சண்டை போடவேண்டிய ரோபோ தக்கைபோல் மல்லாந்து மிதக்கும். அதை எட்டு ஹெலிகாப்டர் தூக்கி வருவதாகக் காட்டுகிறார்கள். தலைக்கு 247 டன். உலகத்தின் மிகப்பெரிய சரக்கு ஹெலிகாப்டரே இருபது டன் தூக்கினால் அதிகம்.

ரசீதை வெற்றியோடு மேசையில் தட்டினேன். அண்ணன் பார்த்தார்.

"மிதக்கட்டும். பாக்கும்போது மூழ்குற மாதிரி இருந்துச்சா இல்லையா?"

இருந்தது. அதுதான் விஷயம். 79 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருளைப் போட்டால் தரையைத் தொட நான்கு வினாடி ஆகும். நம் தலை உயரத்திலிருந்து போட்டால் அரை வினாடி கொஞ்சம் கூட. உயரமான ஒன்று விழுவதை, திரும்புவதை, கை ஓங்குவதைப் பார்க்கும்போது நம் கண் இந்த நான்கு வினாடியைத்தான் தேடுகிறது. கணக்குத் தெரியாதவர் கண்ணும் தேடும். யேகர் காலை எடுத்து வைத்ததும் கடல் ஒரு கணம் தாமதித்து எழும்புகிறது. தோளிலிருந்து மழைநீர் அருவியாக இறங்க நேரம் எடுக்கிறது. இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோ அந்த நேரத்தைக் கொடுத்திருந்தார். கதையில் ஆயிரம் ஓட்டை இருக்கலாம். சுவர் கட்டினால் கைஜூ வராது என்று முடிவெடுக்கும் அரசாங்கங்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும் வீரவசனங்கள், மூன்று கையோடு வந்து மூன்று நிமிடத்தில் சாகும் சீன யேகர். (இந்தக் கடைசி விஷயத்தில் எங்கள் மேசைச் சீனக் கூட்டாளி இன்னும் சமாதானமாகவில்லை. "அவ்வளவு அழகா செஞ்சுட்டு ஏன் லா கொன்னீங்க?" என்பான், ஏதோ நாங்கள்தான் கொன்றதுபோல.) எடை மட்டும் பொய்யில்லை.

இந்த நேரக் கணக்கு டெல் டோரோ கண்டுபிடித்தது இல்லை. படத்தின் முடிவில் இரண்டு பேருக்கு அர்ப்பணம் போடுவார்கள்: ரே ஹாரிஹவுசன், இஷிரோ ஹோண்டா. முதலாமவர் பொம்மைகளை நகர்த்தி நகர்த்தி மிருகக் காட்சிகள் எடுத்த அமெரிக்கர். ஹோண்டா 1954இல் முதல் காட்ஸில்லாவை இயக்கியவர். அதன் தந்திரக் காட்சிகள் எய்ஜி சுபுராயாவுடையவை. கிங் காங் படத்தைப் பார்த்து மயங்கிய சுபுராயாவுக்குப் பொம்மையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படமெடுக்க ஆசை. அதற்குக் காலமும் காசும் இல்லை. ஆளை உடைக்குள் போட்டு, இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் தோக்கியோவைக் கட்டி, கேமராவை வேகமாக ஓடவிட்டுப் படம்பிடித்தார்கள். திரையில் சாதாரண வேகத்தில் ஓட்டும்போது எல்லாம் மெதுவாகும். ஓர் ஆள் உயர அட்டைக் கட்டடம் மாடி மாடியாகச் சரியும்.

உடைக்குள் இருந்தவர் ஹருவோ நகாஜிமா. முதல் உடை ஏறத்தாழ 100 கிலோ. உள்ளே வெக்கை தாங்காமல் பல முறை மயங்கியிருக்கிறார். கழற்றினால் வியர்வையைக் கோப்பையில் பிடிக்கலாமாம். நடை எப்படி இருக்கவேண்டும் என்று பார்க்க விலங்குக் காட்சிசாலைக்குப் போய் யானையையும் கரடியையும் கவனித்தார். 1972 வரை பன்னிரண்டு படங்களில் அவர்தான் காட்ஸில்லா. உயரம் 50 மீட்டர் என்று கதையில் வைத்தார்கள். பிறகு தோக்கியோவில் கட்டடங்கள் வளர வளர காட்ஸில்லாவையும் வளர்த்தார்கள்: 1984இல் 80, அப்புறம் 100, 2016இல் 118.5 மீட்டர். பக்கத்தில் குட்டையாகத் தெரியக்கூடாது அல்லவா! சுபுராயாவின் தொலைக்காட்சி ராட்சத வீரன் அல்ட்ராமேன் 40 மீட்டர். நம் பிள்ளைகள் எல்லாரும் பால்குடி மறந்த கையோடு பார்த்த அல்ட்ராமேன்தான். பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர். இதை நான் சொன்னபோது மச்சான் உடனே கண்ணை மூடிக்கொண்டான். அல்ட்ராமேன் பத்துமலைப் படியடியில் முருகனுக்குப் பக்கத்தில் நிற்பதைக் கற்பனை செய்கிறானாம். "கொஞ்சம் குள்ளம். பரவால்ல, பக்தன்தானே" என்றான்.

கடைப் பாய் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளமாட்டார். ஒரே ஒரு நாள், கல்லாவிலிருந்தபடி சொன்னார்: "கடல்லேருந்து வந்தத நான் பாத்துட்டேன் தம்பி. எனக்குப் படம் வேணாம்." 2004 டிசம்பர் 26. அவருடைய சொந்தக்காரர்கள் கோலா மூடாப் பக்கம். பினாங்கில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று கடற்கரைக்குப் போனவர்கள் பலர். நாங்கள் குடித்த காசைக் கொடுத்துவிட்டு அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பினோம். வீட்டுக்குப் போய்ப் படித்தேன். 1954 மார்ச் 1ஆம் தேதி பிக்கினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல்மேல் விழுந்தது. உள்ளே 23 பேர். ஒருவர் அந்த செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் காட்ஸில்லா திரைக்கு வந்தது. அந்தப் படமும் கடலில் ஒரு படகு எரிவதோடுதான் தொடங்குகிறது. முதல் நாள் அரங்கில் உட்கார்ந்திருந்த ஜப்பானியர்களுக்கு எங்கள் பாய் முகம்தான் இருந்திருக்கும்.

வாளுக்குத் திரும்புகிறேன். ஏனென்றால் என் அக்கா மகள் திரும்ப வைத்தாள்.

படம் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பதினாறில் மடிக்கணினியில் பார்த்துவிட்டு, எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்தாள். "மாமா, நீங்க எல்லாரும் ஏழு வருஷமா தப்பான கேள்வி கேக்குறீங்க." மேசை முழுக்கப் பெரியவர்கள், கிரேன் அண்ணன் மட்டும் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். அவள் சொன்னது இது: ஜிப்சி டேஞ்சர் ஒரு முறை நாசமாகி, பல வருடம் கழித்துப் பழுதுபார்த்து எடுத்த ரோபோ. அந்த வேலைக்குப் பொறுப்பு மாக்கோ மோரி, அதன் இரண்டு ஓட்டிகளில் ஒருத்தி. வானத்தில் தொங்கும்போது இனி வழியே இல்லை என்று கைவிரித்தது கூட ஓட்டிய ராலி. இன்னும் ஒன்று இருக்கிறது என்று சொல்லி வாளை எடுத்தது மாக்கோ. "அந்த வாள் அவளோடது மாமா. அவன் கேக்கவே இல்ல. ரெண்டு பேர் மூளையும் இணைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. இணைஞ்சும் அவன் கேக்கல."

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூடிக்கொண்டான்.

மாக்கோவைப் பற்றி அவளிடம் நிறைய இருந்தது. சிறுமியாக, ஒற்றைச் சிவப்புச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சாம்பல் பறக்கும் தெருவில் தனியாக ஓடிவரும் காட்சி. அவள் கண்ணீர்தான் அந்தப் படத்தின் உண்மையான அளவுகோல் என்றாள். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நண்டுபோல் ஒரு மிருகம் வருகிறது. அங்கேதான் அது பெரிதாகத் தெரிகிறது, வேறெங்கும் அவ்வளவு தெரியவில்லை. படத்தில் பெண்கள் இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசும் காட்சியே இல்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஆணின் கதைக்குத் துணையாக இல்லாமல் தனக்கென்று ஒரு கதை உள்ள பெண் இருக்கிறாளா என்று பார்க்க, ரசிகர்கள் இந்த மாக்கோ பெயரிலேயே ஒரு சோதனையை உருவாக்கியிருக்கிறார்களாம். அக்கா மகள் இரண்டையும் சொன்னாள், இரண்டுக்கும் தலையாட்டினாள். ரசிகை என்றால் வக்கீலாகத்தான் இருக்கவேண்டும் என்ற பழக்கம் எங்கள் தலைமுறையோடு போய்விட்டது போலிருக்கிறது.

சஷ்டித் தம்பி மட்டும் விடவில்லை. "அப்ப வேலும் அம்மா குடுத்ததுதானே? பார்வதி குடுத்துத்தான் முருகன் கையில வந்துச்சு." அவள் அவனைப் பார்த்தாள். "அதான் அண்ணே நானும் சொல்றேன்."

2018இல் இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது, பசிபிக் ரிம்மின் இரண்டாம் பாகம். வேறு இயக்குநர். பட்டப்பகலில் தோக்கியோவில் சண்டை. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. யேகர்கள் ஓடின, குதித்தன, உருண்டு எழுந்தன, பள்ளிக்கூடத் திடலில் பையன்கள்போல. இடைவேளை இல்லாத ஊரில் கிரேன் அண்ணன் தானாகவே ஓர் இடைவேளை எடுத்துக்கொண்டு வெளியே போய், படம் முடியும்வரை திரும்பவில்லை. "எல்லாம் காலிப் பெட்டி" என்றார். அதற்குமேல் அந்தப் படத்தைப் பற்றி எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை. முதல் படம் உலகம் முழுக்க 41 கோடி டாலர் பார்த்தது, இது 29 கோடி. காசு எடையைப் பார்த்துத்தான் போகிறது என்று நான் வாதிட மாட்டேன், மச்சான் வாதிடுவான்.

இரண்டாவது, நவம்பரில் வந்த ரஜினியின் 2.0. நம் ஆள்களிடம் இதைத் தொட்டால் கை சுடும், இருந்தாலும் சொல்கிறேன். கைப்பேசிகளால் ஆன பறவைப் பூதமும் ராட்சதச் சிட்டியும் விளையாட்டரங்கில் மோதும்போது எனக்குக் கண் நிறைந்தது, வயிறு ஆடவில்லை. எல்லாம் ஆயிரம் துண்டாகச் சிதறிக் கூடக்கூடியதாக இருந்தால் எதுதான் கனக்கும்? ஆனால் குட்டி ரோபோக்கள் புறாமேல் ஏறி வந்த இடத்தில் துள்ளினேன். பெரியதைக் காட்டப் பெரியதைவிடச் சின்னது உதவுகிறது. இதைச் சொன்னதற்கு மச்சான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது ஒரு நல்ல வாதத்தோடு வந்தான்: "கடோத்கஜன் சாகும்போது என்னா செஞ்சான்? உடம்பப் பெருசாக்கி எதிரிப் படைமேல விழுந்தான். ஒரு அக்குரோணி காலி. எடைதான் ஆயுதம்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியாதுன்னா சொல்ற?" தெரியும்டா. தெரிந்ததால்தான் எதிர்பார்க்கிறேன்.

போன வருடம் கந்த சஷ்டி. எங்கள் வட்டாரக் கோயில் சின்னது. சூரன் உருவம் ஓர் ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அடியில் கட்டிய மூங்கிலை எட்டுப் பேர் தோளில் தாங்குவார்கள். கிரேன் அண்ணன் ஓய்வுபெற்றுவிட்டார். கழுத்துக்கு ஆகாது, தோள் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், முன்னால் நின்று கையைக் காட்டுவது அவர் வேலை. மேளக்காரர் வேகம் எடுத்தால் இளைஞர்களும் வேகம் எடுக்கிறார்கள். சூரன் பொம்மைபோல் குலுங்குகிறான். அண்ணன் இரண்டு கையையும் தாழ்த்தி, மெதுவாக, மெதுவாக என்கிறார். உருவம் ஒரு பக்கம் சாயும்போது சாய்ந்த பக்கமே எல்லாரையும் ஓர் அடி நகரச் சொல்கிறார். ஆட்டம் அடங்குகிறது. சூரன் நின்று, திரும்பி, முருகனை முறைக்கிறான்.

அக்கா மகள் கைப்பேசியை நெஞ்சளவில், கீழேயிருந்து மேல்நோக்கிப் பிடித்து, மெதுவேகத்தில் பதிவு செய்தாள். அன்னதானத்துக்கு உட்கார்ந்தபோது இலையை ஓரம் தள்ளிவிட்டு ஓட்டிக் காட்டினாள். சாம்பிராணிப் புகை கடல் மூட்டமாக இருந்தது. யானைத் தலையைக் கழற்றிச் சிங்கத் தலையை மாட்டும் இடத்தில் மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தி இதழ்கள் இறங்கின, இறங்கின, இறங்கிக்கொண்டே இருந்தன. சூரன் தலையைத் திருப்ப எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு கவளம் சாப்பிட்டிருக்கலாம். மச்சான் "79 மீட்டர்" என்றான். யாரும் மறுக்கவில்லை.

கிரேன் அண்ணனிடம் கொடுத்தோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கைப்பேசியை மூக்கருகில் பிடித்துப் பார்த்தார். திரும்ப ஒரு முறை ஓட்டச் சொன்னார். பிறகு விரலால் திரையை நிறுத்தினார்.

"இடதுபக்கம் ரெண்டாவதா பிடிச்சிருக்கானே, அவன் தோள் எறங்குது பாரு. யார் அந்தப் பையன்? அடுத்த வருஷம் அவன பின்னால போடணும்" என்றார். ரசம் வந்தது.